ஹெட்டின் சூட்டைச் சொல்லாத டைனோ தாள்

காற்றில் குளிரும் எஞ்சினுக்கு எடுத்த டைனோ தாளில், ஓட்டம் தொடங்கியபோதும் முடிந்தபோதும் சிலிண்டர் ஹெட் எவ்வளவு சூட்டில் இருந்தது என்ற குறிப்பு இல்லையென்றால், அந்தத் தாளை டியூனிங்குக்கு ஆதாரமாக நாம் ஏற்கக் கூடாது. இது கடுமையான நிலைப்பாடாகத் தோன்றலாம். ஆனால் இன்று பட்டறையிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும் பல தாள்களில் உச்சக் குதிரைத்திறன் என்ற ஒரே எண்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்தத் திருத்தக் கணக்கு, எந்த எரிபொருள், எத்தனையாவது ஓட்டம், எவ்வளவு சூடு என்று கேட்டால் பதில் வராது. சைலன்சரும் ஃபில்டரும் மாற்றி, எரிபொருள் மேப்பைத் திருத்தி ஒன்றரைக் குதிரைத்திறன் கூட்டியதாகச் சொல்லும் தாளில், அந்த ஒன்றரையும் எஞ்சினிலிருந்து வந்ததா, அளந்த விதத்திலிருந்து வந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை.

நமக்கெல்லாம் பழக்கமான ராயல் என்ஃபீல்டின் 500 சிசி யூசிஇ எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 84 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 499 சிசி, 8.5:1 அழுத்த விகிதம். கம்பெனி சொல்லும் திறன் 5250 சுழற்சியில் 27.2 குதிரைத்திறன், முறுக்குவிசை 4000 சுழற்சியில் 41.3 நியூட்டன் மீட்டர். கியர்பெட்டி, செயின், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் பின்சக்கரத்தில் 22 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த 22, 25 டிகிரி வெப்பமும் 990 ஹெக்டோபாஸ்கல் உலர்காற்று அழுத்தமும் கொண்ட எஸ்.ஏ.இ. ஜே1349 கணக்கில் வந்தது. மென்பொருளில் பழைய ‘எஸ்.டி.டி.’ திருத்தத்தைத் தேர்ந்தெடுத்தால், அது 15.6 டிகிரியையும் 1013 ஹெக்டோபாஸ்கலையும் அடிப்படையாகக் கொள்வதால், எண் ஏறத்தாழ 4 சதவீதம் ஏறி 22.9 ஆகிவிடும். அதையே மெட்ரிக் குதிரைத்திறனில் அச்சிட்டால் 23.2. ஒரு ஸ்பேனரையும் தொடாமல் 1.2 குதிரைத்திறன் கூடிவிட்டது! வானிலை சென்சாரை சைலன்சரின் வெப்பக்காற்று படும் இடத்தில் மாட்டி, எஞ்சின் உறிஞ்சும் காற்று 35 டிகிரியாக இருக்கும்போது அது 45 என்று படித்தால், திருத்தக் கணக்கு இன்னும் கிட்டத்தட்ட 2 சதவீதத்தைச் சேர்த்துக்கொடுக்கும். மே மாதச் சென்னையில் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்குமான நியாயமான திருத்தமே 4 சதவீதத்தைத் தாண்டலாம் என்பதால், இந்தச் சென்சார் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

இவையாவது கவனித்தால் சரிசெய்யக்கூடிய பிழைகள். ஹெட்டின் சூட்டால் வரும் பிழையை எந்தத் திருத்தச் சமன்பாடும் சரிசெய்வதில்லை. அந்தச் சமன்பாடுகளுக்குத் தெரிந்தவை வெளிக்காற்றின் அழுத்தம், வெப்பம், ஈரம் மூன்றும்தான். ஃபின்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அவற்றுக்குத் தெரியாது. தண்ணீரில் குளிரும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் இருப்பதால் ஓட்டத்துக்கு ஓட்டம் ஹெட்டின் வெப்பநிலை பெரிதாக மாறாது. காற்றில் குளிரும் எஞ்சினில் அந்தக் காவல் இல்லை. முதல் ஓட்டத்தில் ஆயில் இன்னும் கெட்டியாக இருக்கும், உராய்வு அதிகம், திறன் குறைவாகத் தெரியும். இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்தில் ஆயில் இளகித் திறன் ஏறும். அதற்குப் பிறகும் நிறுத்தாமல் ஓட்டினால் இன்டேக் போர்ட்டும் வால்வும் சூடேறி, உள்ளே வரும் காற்றை விரியவைத்து அடர்த்தியைக் குறைக்கும். திறன் மறுபடி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் ‘முன்’ ஓட்டத்தை ஆறிய எஞ்சினிலும் ‘பின்’ ஓட்டத்தைச் சரியான சூட்டிலும் எடுத்தால் எந்தப் பாகமும் லாபம் தருவதாகவே தெரியும். வரிசையைத் திருப்பிப் போட்டால் நல்ல பாகமும் மோசமாகத் தெரியும். இதைச் செய்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. நேர்மையானவரும் இதில் ஏமாறுவார் என்பதுதான் கவலை.

பட்டறையின் மின்விசிறி நிலைமையை இன்னும் கெடுக்கிறது. முழுத் திறனில் எஞ்சின் 20 கிலோவாட் வேலை தரும்போது, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தை ஃபின்களும் ஆயிலும் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. சாலையில் 80 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 22 மீட்டர் காற்று ஃபின்களின் ஊடே பாயும். ஸ்டாண்டில் நிற்கும் சாதாரண விசிறி அதில் சிறு பங்கைத்தான் தரும். அதுவும் பெரும்பாலும் முன்சக்கரத்தில் மோதிச் சிதறிவிடும். ஆகவே டைனோவின்மேல் எஞ்சின் வாழும் சூடு ஒன்று, சாலையில் வாழும் சூடு வேறு. முதலாவதில் பொருத்தமாக அமைந்த கலவையும் இக்னிஷன் டைமிங்கும் இரண்டாவதில் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கலவையின் கதைக்கு வருவோம். அதிகபட்சத் திறன் லாம்டா 0.86-க்கும் 0.90-க்கும் இடையில் கிடைக்கிறது. அந்த இடைவெளிக்குள் திறன் கோடு ஏறக்குறையத் தட்டையாக இருக்கிறது. 0.90-இலிருந்து 0.87-க்குப் போனால் டைனோ காட்டும் வித்தியாசம் அந்த இயந்திரத்தின் சொந்தத் தடுமாற்றத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் ஹெட்டின் சூட்டில் வித்தியாசம் தெரியும். நாக்கிங் தொடங்கும் எல்லையிலும் தெரியும். உச்ச எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு மேப்பும் ஒன்றுதான். சூட்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் நீண்ட ஏற்றத்தில் எது பிஸ்டனைக் காப்பாற்றும் என்று தெரியும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோல் இதை இன்னும் அவசரமாக்குகிறது. கலப்பில்லாத பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்குச் சுமார் 13.5 போதும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு லாம்டா 0.88 என்று ஜெட் போட்ட கார்புரேட்டர், எதையும் தொடாமலே இ20-இல் 0.94, 0.95 அளவுக்கு லீன் ஆகிவிடும். எத்தனால் ஆவியாகும்போது கொஞ்சம் குளிர்ச்சி தரும், ஆக்டேனும் கூடும் என்பது உண்மை. அதை நம்பி இந்த இடைவெளியை விட்டுவிட முடியாது. மீட்டரில் தெரியும் 12.9 என்ற விகிதம் பெட்ரோல் அளவுகோலில் எழுதப்பட்ட லாம்டாவே தவிர, இ20-இன் உண்மை விகிதம் அல்ல. அதனால் தாளில் லாம்டாவை எழுதுவதே குழப்பமில்லாத வழி.

முழு த்ராட்டில் ஓட்டம் மட்டுமே எடுப்பதில் இன்னொரு குறை உண்டு. ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சமதளத்தில், எதிர்காற்று இல்லாமல் 80 கி.மீ. வேகத்தில் போக இந்த வண்டிக்குச் சக்கரத்தில் தோராயமாக 7 குதிரைத்திறன் போதும். அதாவது வாடிக்கையாளர் தன் நேரத்தில் பெரும்பகுதியை எஞ்சின் திறனின் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே கழிக்கிறார். கார்புரேட்டர் வண்டியில் அந்த இடத்தை ஆள்வது நீடிலும் நீடில் ஜெட்டும். மெயின் ஜெட் முக்கால் த்ராட்டிலுக்கு மேல்தான் பேசும். ஆக்சிஜன் சென்சார் உள்ள எஃப்.ஐ. வண்டியில் அதே இடத்தில் ஈசியூ கலவையை லாம்டா 1-க்கு இழுத்துவந்துவிடும். பிக்கிபேக்கில் சேர்த்த எரிபொருளை அது பின்னாலிருந்து கழித்துக்கொண்டே இருக்கும். டிரம்மைச் சுழற்றி வேகமேற்றும் இனர்ஷியா டைனோவில் சில வினாடி நீளும் ஓட்டம் இதில் எதையும் காட்டாது. சுமை கொடுத்து ஒரே வேகத்தில் நிறுத்திவைக்கும் எடி கரண்ட் பிரேக் இருந்தால், 60, 80 கி.மீ. வேகங்களில் ஹெட்டின் சூடு ஒரு நிலைக்கு வரும்வரை பிடித்துவைத்துக் கலவையைப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்குக் கவர்ச்சி இல்லை, தாளில் உச்சம் எதுவும் வராது. ஆனால் வண்டி எப்படி ஓடும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

சின்னப் பட்டறைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். பிரேக் உள்ள டைனோ விலை அதிகம்தான். ஆனால் பிளக்குக்கு அடியில் வாஷராகப் போடும் தெர்மோகப்பிள், டைனோவில் போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அது காட்டும் எண் ஹெட் உலோகத்தின் உண்மை வெப்பநிலை அல்ல என்பதும் சரி. ஒரே வண்டியில், ஒரே வாஷரில், ஓட்டத்துக்கு ஓட்டம் ஒப்பிட அது போதும். இனர்ஷியா டைனோ மட்டும் வைத்திருப்பவரும் ஒழுங்காக வேலை செய்யலாம்: ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரே பிளக் வாஷர் வெப்பநிலையில் தொடங்கட்டும், பழைய பாகம், புதிய பாகம், மறுபடி பழைய பாகம் என்று எடுக்கட்டும். கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், நடுவில் கிடைத்த லாபத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சாலையில் ஓட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை, டைனோவே தேவையில்லை என்ற வாதமும் உண்டு. சாலை தரும் சூடு உண்மையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எதிர்காற்றையும் சரிவையும் கட்டுப்படுத்த முடியாத இடத்தில் 3 சதவீத வித்தியாசத்தை எவராலும் உணர முடியாது. சாலையிலிருந்து எடுக்க வேண்டியது ஹெட்டின் வெப்பநிலை. அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டிய இடம் டைனோ. ரிச்சாக வைத்துவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், இவ்வளவு அளவீடு எதற்கு என்பவர்களுக்கும் பதில் உண்டு. லாம்டா 0.80-க்குக் கீழே திறன் இறங்கும், மைலேஜ் கெடும், சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைப் பெட்ரோல் கழுவும், கரி படிந்து பிற்பாடு அதுவே நாக்கிங்கைக் கூட்டும். கார்பன் மோனாக்சைடும் ஏறும். மாசுச் சான்றிதழுக்கு ஐடிலில் அளக்கும்போது அது முகத்தில் வந்து நிற்கும்.

வாடிக்கையாளர் கேட்பது பெரிய எண்ணைத்தானே என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. தொழில் நடக்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு அந்த எண்ணைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். 3000 சுழற்சியில் முறுக்குவிசை எவ்வளவு கூடியது, அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடியபின் ஹெட் எவ்வளவு சூட்டில் நிற்கிறது என்று தாளில் எழுதிக் காட்டினால் அவருக்குப் புரியும். அந்த வண்டியில் உட்கார்ந்து போகப்போகிறவர் அவர்தானே.

அடுத்த இதழிலிருந்து இந்தப் பத்திரிகைக்கு வரும் டைனோ வரைபடங்களில் திருத்தக் கணக்கின் பெயர், காற்றின் வெப்பமும் அழுத்தமும் ஈரமும், எரிபொருள், லாம்டா கோடு, ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பிளக் வாஷர் வெப்பநிலை ஆகியவை இருக்க வேண்டும். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு இவை இல்லாத வரைபடத்தை நாங்கள் அச்சிட மாட்டோம்.