பூங்காவில் வெட்சிக்கு முதலிடம்

நகராட்சிப் பூங்காவில் எதை நடுவது என்பதை அழகையும் விலையையும் மட்டும் பார்த்து முடிவு செய்கிறோம். அந்த முடிவு காட்டையும் தொடும். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல்வெளியை மூடி, மானுக்கும் காட்டுமாட்டுக்கும் மேய்ச்சல் இல்லாமல் செய்திருக்கும் உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகத்தான் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையை வேலிக்கு வெளியே கொண்டுபோயின. அந்நியக் களைச்செடிகளை அகற்ற 2022இல் தனிக்கொள்கை வகுக்கும் நிலைக்குத் தமிழ்நாடு அரசு வந்தது.

இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் வெட்சிக்கும் பறவைதான் விதை பரப்புகிறது. ஆனால் தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். பறவை கொண்டுபோகும் விதை அது காலங்காலமாக வாழ்ந்த மண்ணிலேயே விழும். ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய பூ இது. புறத்திணைகளில் ஒன்றுக்கே பெயர் தந்தது. ஊசிபோல் நீண்ட பூக்குழலின் அடியில் தேன் இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பட்டாம்பூச்சிகள் அதை நாடி வரும். பழுத்துச் சிவந்த கனி கொண்டைக்குருவிக்கு உணவு. இத்தனையையும் ஒரே புதரில் தரும் செடியைப் பூங்காவின் ஓரத்தில் ஒதுக்குவது நியாயமில்லை.

வெளிநாட்டுச் செடியெல்லாம் காட்டை அழிப்பதில்லையே என்பார்கள். உண்மைதான், காகிதப்பூ அப்படிப் பரவவில்லை, வீட்டு வாசலில் அது இருக்கட்டும். ஆனால் எது பரவும் என்பது நட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகே தெரிகிறது. அந்தச் சோதனையைப் பொதுப்பணத்தில் செய்ய வேண்டியதில்லை. களியும் சுண்ணாம்பும் மிகுந்த மண்ணில் வெட்சியின் இலை மஞ்சளாகிறது என்ற குறை இன்னும் வலுவானது. அங்கே செடிக்கு இரும்புச்சத்து எட்டுவதில்லை. மட்கிய எருவும் இரும்புச்சத்தும் இட்டால் பெரும்பாலும் தேறிவிடும். தேறாத இடத்தில் அந்த மண்ணுக்கே உரிய வேறு நாட்டுச் செடியை நடலாம். கத்தரித்துக் கட்டைபோல் வைத்தால் பூக்காது என்பதும் சரிதான். கிளை நுனியில் பூக்கும் செடியை மாதந்தோறும் மொட்டையடிக்கக் கூடாது, அவ்வளவே.

காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வருவது இதற்கு வழியல்ல. வெட்சி போத்து வைத்தாலே வேர்விடும். மாநகராட்சிகள் தங்கள் நாற்றங்கால்களிலேயே இதைப் பெருக்கி, அடுத்த மழைக்கால நடவில் வெட்சிக்கு முதலிடம் தர வேண்டும்.