பத்து நாள் ஆசிரியர்கள்

அமெரிக்காவில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் விமான நிலையங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஒரே நிறச் சட்டை அணிந்த இருபது, முப்பது இளைஞர்கள் கூடி நிற்பார்கள். அவர்களுடைய பெட்டிகளில் வண்ணப் பென்சில்களும், கைப்பொம்மைகளும், வேதாகமக் கதைப் படங்களும் நிறைந்திருக்கும். கோடை விடுமுறையில் ஹோண்டுராஸ், குவாத்தமாலா, உகாண்டா, கம்போடியா போன்ற நாடுகளுக்குச் சென்று அங்குள்ள குழந்தைகளுக்குச் சில நாள்கள் பாடம் சொல்லித் தரப் புறப்படும் திருச்சபைக் குழுக்கள் அவை. இதனைக் 'குறுங்கால அருட்பணி' என்கின்றனர்.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 லட்சம் அமெரிக்கத் திருச்சபை உறுப்பினர்கள் இவ்வாறு வெளிநாடு சென்று திரும்புவதாக, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ 2005-ஆம் ஆண்டு ஆய்வொன்றின் அடிப்படையில் மதிப்பிட்டார். தென்கொரியத் திருச்சபைகளும் இத்தகைய குழுக்களைப் பெருமளவில் அனுப்புகின்றன. செல்வோரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. தங்கள் விடுமுறையையும் சேமிப்பையும் அறிமுகமில்லாத குழந்தைகளுக்காகச் செலவிட முன்வரும் பதினெட்டு வயது இளைஞரை ஏளனம் செய்வது எளிது. ஆனால், அது நியாயமாகாது. கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பத்து நாள்களில் அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது என்ன?

முதலில் நாள்காட்டியைப் பார்ப்போம். ஜூனும் ஜூலையும் அமெரிக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை. ஆனால், ஹோண்டுராஸில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. குவாத்தமாலாவில் ஜனவரி முதல் அக்டோபர் வரை. உகாண்டாவிலும் ஜூன், ஜூலை மாதங்கள் பள்ளிப் பருவத்தின் நடுப்பகுதி. எனவே, விருந்தினர் வருகைக்காக வழக்கமான பாடம் நிறுத்தப்படுகிறது; அல்லது பள்ளி முடிந்து களைத்து வரும் குழந்தைகள் மீண்டும் ஓரிடத்தில் கூட்டப்படுகிறார்கள். பயணத்தின் காலத்தை முடிவு செய்வது கொடுப்பவரின் ஓய்வுதானே தவிர, பெறுபவரின் தேவை அன்று.

அடுத்தது தகுதி. அமெரிக்காவில் அரசுப் பள்ளி ஒன்றில் நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் பட்டமும், மாநில உரிமமும், குற்றப் பின்னணிச் சோதனையும் வேண்டும். அதே நாட்டின் கல்லூரி மாணவர் ஒருவர், குழந்தைகளின் மொழி தெரியாமல், பாடத்திட்டம் அறியாமல், மற்றொரு நாட்டின் வகுப்பறையில் ஆசிரியராக நிற்க முடிகிறது. பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் பத்து நாள்களில் ஓர் ஆசிரியர் கற்பிப்பது சொற்பம். குழந்தைகளின் பெயரை அறிவதற்கும், எவன் பசியோடு வருகிறான், எவள் தயங்கி ஒதுங்குகிறாள் என்று கண்டுகொள்வதற்குமே அந்நாள்கள் போதா. கற்பித்தல் தொடங்க வேண்டிய நாளில் இவர்கள் விமானம் ஏறிவிடுகிறார்கள்.

மூன்றாவது பணம். 1998-இல் 'மிட்ச்' சூறாவளி ஹோண்டுராஸைச் சிதைத்தபோது வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் அங்கே சென்று வீடுகள் கட்டின. அந்நாட்டில் நெடுநாள் வாழ்ந்த கால்வின் கல்லூரிச் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் அப்பணியை ஆராய்ந்தார். பயணச் செலவையும் சேர்த்தால், ஒரு குழு ஒரு வீட்டுக்காகச் செலவிட்டது சராசரியாக 30,000 டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகளோ அத்தகைய வீட்டை ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டி முடித்தன. யார் கட்டிய வீடு என்பதால் அதில் குடியேறிய குடும்பங்களின் வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. பள்ளிக்கும் இக்கணக்கு பொருந்தும். தலைக்கு 2,000 டாலர் என்று கொண்டாலும், இருபது பேர் சென்றுவர 40,000 டாலர் ஆகிறது. உகாண்டாவிலோ கம்போடியாவிலோ அது ஓர் உள்ளூர் ஆசிரியரின் பல ஆண்டு ஊதியம்.

வீண்செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தீங்கைப் பொறுக்க இயலாது. அத்தீங்கு பெரிதும் நிகழுமிடம் குழந்தைகள் காப்பகம். வெளிநாட்டு விருந்தினரும் நன்கொடையும் தொடர்ந்து வரும் இடத்தில், காட்டுவதற்குக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே காப்பகங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது என்றும், அங்கிருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர் என்றும் யுனிசெஃப் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2011-இல் தெரிவித்தது. அவர்களைப் பிரித்தது பெற்றோரின் மரணம் அன்று. வறுமையும், 'பிள்ளை படிக்கும்' என்ற வாக்குறுதியுமே.

2010 ஜனவரியில் ஹைட்டியை நிலநடுக்கம் தாக்கிய சில வாரங்களிலேயே, அமெரிக்க பாப்டிஸ்ட் திருச்சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 குழந்தைகளை உரிய ஆவணங்களின்றி டொமினிக்கன் குடியரசுக்கு அழைத்துச் செல்ல முயன்று எல்லையில் கைது செய்யப்பட்டனர். அக்குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தனர். கல்வி கிடைக்கும் என்று நம்பி ஒப்படைத்தவர்கள் அவர்கள். இத்தகைய அனுபவங்களின் தொடர்ச்சியாகவே உலகம் விழித்துக்கொண்டது. ஆஸ்திரேலியா தனது 2018-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தை உருவாக்கியபோது, காப்பகங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் விவாதப் பொருளாக்கியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானம், காப்பகங்களுக்கான தன்னார்வப் பயணங்களால் விளையும் கேடுகளைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இவ்விமர்சனம் கிறிஸ்தவத்துக்கு எதிரானவர்களின் குரல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1968-இல் மெக்ஸிகோவில் கூடியிருந்த அமெரிக்க மாணவர்களிடம், உங்கள் நல்லெண்ணத்தை இந்த ஏழைகள் மீது திணிக்காதீர்கள் என்ற பொருள்படக் கடுமையாகப் பேசிய இவான் இல்லிச் அப்போது ஒரு கத்தோலிக்கக் குரு. வெர் பீக் பணியாற்றியதும் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில்தான்.

பயணம் செல்வோரின் மனம் விரிவடைகிறதே, அது பயன் இல்லையா என்று சிலர் கேட்கின்றனர். விரிவடையலாம். ஆயின், அது செல்வோரின் கல்வி. அதனைக் குழந்தைகளுக்கான தொண்டு என்று கணக்கில் எழுதுவது முறையன்று.

அருட்பணியின் மற்றொரு வடிவத்தைத் தமிழர்கள் நன்கறிவர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, கற்பிக்கத் தொடங்கும் முன்னர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றார். 1895-இல் இந்தியா வந்த எமி கார்மைக்கேல், நெல்லைச் சீமையின் டோனாவூரில் குழந்தைகளுக்காகவே வாழ்ந்து, தாயகம் திரும்பாமல் 1951-இல் மறைந்தார். அவர்களுடைய சமய நோக்கம் குறித்து மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம்; ஆனால், அவர்கள் விட்டுச்செல்ல வந்தவர்கள் அல்லர். இன்றும் தமிழகத் திருச்சபைகளில் மே மாதம் நடைபெறும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டும் கதையும் சொல்லித் தருவோர் பெரும்பாலும் அந்தந்த ஊர் இளைஞர்களே. நடத்தப்படுவது குழந்தைகளின் விடுமுறையில். பேசப்படுவது அவர்கள் மொழியில். ஜூன் மாதத்திலும் அந்த அண்ணனையும் அக்காவையும் தெருவில் பார்க்கலாம்.

எனவே, பயணங்களை அறவே நிறுத்துங்கள் என்பதல்ல என் வாதம். அனுப்பும் திருச்சபைகள் நான்கு நெறிகளை ஏற்கலாம். காப்பகங்களுக்குக் குழுக்களை அனுப்பக் கூடாது. தாய்நாட்டில் எந்தப் பணிக்குத் தகுதியும் பின்னணிச் சோதனையும் தேவையோ, அதனை அவையின்றி அயல்நாட்டில் செய்யக் கூடாது. காலத்தையும் பணியையும் உள்ளூர்ப் பள்ளியும் திருச்சபையும் முடிவு செய்ய வேண்டும். பயணத்துக்காகத் திரட்டப்படும் தொகையில் ஒரு பெரும்பங்கு அங்குள்ள ஆசிரியர்களின் ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் செல்ல வேண்டும். இந்நான்கையும் ஏற்ற பின்னர் செல்லும் குழு சிறியதாக இருக்கும். அது கற்பிப்பதைவிடக் கற்பதே மிகுதியாக இருக்கும். அதில் தாழ்வொன்றும் இல்லை.

குழந்தைக்குத் தேவைப்படுபவர் நாளையும் வகுப்புக்கு வரும் ஆசிரியர். அவர் பெரும்பாலும் அந்த ஊரிலேயே, குறைந்த ஊதியத்தில், எவருடைய புகைப்படத்திலும் இடம்பெறாமல் பணியாற்றிக் கொண்டிருக்கிறார். உதவ விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது, அவருக்கு என்ன தேவை என்பதைத்தான்.