20 பைட் பேக்கப்

"கிளவுட்லதானே மச்சி இருக்கு, எங்க போயிடப் போகுது?" என்று நண்பன் சொன்னபோது நானும் மண்டையை ஆட்டினேன். துறை விழாவுக்குப் பெயர் பதியும் பக்கத்தை நான்தான் செய்திருந்தேன் (பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த வேலை என்று கேட்காதீர்கள்). வாடகை சர்வரில் டாக்கர், அதற்குள் போஸ்ட்கிரெஸ். விழாவுக்கு 4 நாள் இருக்கும்போது, 'டாக்கர் கம்போஸ் டௌன்' என்று அடிக்கவேண்டியவன் பின்னால் '-வி' என்கிற வாலையும் சேர்த்து அடித்துவிட்டேன். வால் இல்லாவிட்டால் கன்டெய்னர் மட்டும் போகும், டேட்டா இருக்கிற வால்யூம் தங்கும். வால் இருந்தால் வால்யூமும் போச்சு. 180 பேர் பெயர், கட்டின பணம், எல்லாம் காலி.

அப்போதும் பதறவில்லை. தினம் ராத்திரி பேக்கப் ஓடுகிறதே! ஃபோல்டரைத் திறந்தேன். வரிசையாக 23 கோப்பு, ஒவ்வொன்றும் 20 பைட். வெறும் காற்றை ஜிஜிப் செய்தால் வருகிற அளவு அது. கன்டெய்னருக்குள் புது போஸ்ட்கிரெஸ், வெளியே சர்வரில் பழைய பிஜி-டம்ப். பழையது புதியதைப் பார்த்ததும் பிழை சொல்லி நின்றுவிடும். அடுத்து நிற்கிற ஜிஜிப்போ காலியை அழகாக மூட்டை கட்டி 'முடிந்தது' என்றுவிடும். கிரான் அதை நம்பியது, நான் கிரானை நம்பினேன்.

ஆறுதலுக்குத் தேடியபோது கிட்லேப் கதை கிடைத்தது. 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஐந்து வகை பேக்கப் இருந்தும் சமயத்துக்கு ஒன்றும் கைகொடுக்கவில்லை. அங்கேயும் பிஜி-டம்ப் பதிப்புச் சிக்கல்தான்! தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல் காப்பாற்றியது.

என் கட்சி இதுதான்: திருப்பி ஏற்றிப் பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத சரக்கிருப்பு மாதிரி. பேரேட்டில் 500 மூட்டை என்று எழுதியிருக்கும், குடோனில் எலிதான் இருக்கும். கன்டெய்னர் உலகில் இதற்குச் சாக்கே கிடையாது. புதிதாக ஒரு காலி போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர் எழுப்பி, டம்பை ஏற்றி, வரிசைகளை எண்ணி, தூக்கிப் போட்டுவிடலாம். என் அளவு டேட்டாவுக்கு இரண்டு நிமிஷம். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, வசூல் மொத்தமும் ஒத்துப்போக வேண்டும். இருப்பாய்வு டேலி ஆனாலும் விடுபிழை ஒளிந்திருக்கும் என்று பதினொன்றாம் வகுப்பிலேயே படித்தோமே. இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கிற வால்யூமை அப்படியே காப்பி அடித்து வைப்பதும் பேக்கப் ஆகாது. பாதி எழுதின பக்கங்களோடு வந்து நிற்கும்.

விழாவை எப்படி நடத்தினோம்? முழுமைபெறா பதிவேடுகள் பாடம்தான். வங்கிக் கணக்கில் வந்த யூபிஐ வரவுகளையும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் வைத்து மூன்று ராத்திரி ஒட்டுப்போட்டோம். 169 பேர் தேறினார்கள். ரொக்கமாகக் கொடுத்த 11 பேருக்கு எந்த ஆதாரமும் இல்லை. வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் "நீங்க பணம் கட்டினீங்களா?" என்று நான்தான் கேட்டேன்.