கோணமலைக்கு எப்போது போவது?

மார்கழி விடுமுறையைக் கடற்கரையில் கழிக்கலாம் என்று பிள்ளைகுட்டிகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் புறப்படுகிற குடும்பங்களைக் காணும்போதெல்லாம், முன்கூட்டியே யாராவது இவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டாகும். அந்த மாதத்தில் காலி, ஹிக்கடுவைப் பக்கத்துக் கடல் சாந்தமாகக் கிடக்கும் என்பதும், குளிர்தேசத்துப் பிரயாணிகள் அங்கே திரளுவார்கள் என்பதும் மெய்தான். ஆனால் தீவு ஒன்றாயினும் அதன் இரு கரைகளுக்கும் பருவம் ஒன்றல்ல. தென்மேற்குக் கரைக்குக் கோடை பிறக்கும் வேளையில் கிழக்குக் கரைக்கு மாரி பிறக்கிறது.

ஐப்பசியின் பிற்பகுதியில் வாடைக் காற்று வங்கக் கடலைத் தாண்டி வந்து இந்தக் கரையில் முதலில் மோதுகிறது. திருகோணமலையில் ஆண்டு முழுவதும் பெய்கிற ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடைப்பட்ட நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவில் வந்து விழுந்து நீரைக் கலக்கும். நிலாவெளிக் கரையில் அலை ஆள் உயரத்துக்கு எழும்பும். புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர்கள் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். புயல்களின் காலமும் அதுவே. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் அதற்கு முன் இலங்கையின் வடகிழக்கைத்தான் சூறையாடியது. 1978 நவம்பரில் மட்டக்களப்பை நிர்மூலமாக்கிய புயலைக் கண்ட தலைமுறை இன்னமும் கார்த்திகை மாதத்து வானத்தைச் சந்தேகத்தோடுதான் அண்ணாந்து பார்க்கிறது.

வைகாசியில் காற்றின் திசை மாறுகிறது. தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று தன் ஈரம் முழுவதையும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே பெய்து தீர்த்துவிட்டு, மலைத்தொடரைக் கடந்து இப்பக்கம் இறங்கும்போது, உலர்ந்து சூடேறிக் கச்சான் காற்றாக வருகிறது. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்துக் கடல் படிந்து நிற்கும். ஆனால் அதன் வெம்மையை ஆனி, ஆடி மாதத்துப் பகற்பொழுதில் திருகோணமலைத் தெருக்களில் நடந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்த இரு காற்றுகளின் கணக்கைப் பிரயாண நூல்கள் எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே மீன்பிடிக்கும் ஜனங்கள் தங்கள் வாழ்க்கையாகவே அமைத்துக்கொண்டார்கள். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கத் தொடங்குமுன் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய ஊர்களிலிருந்து வலையும் வள்ளமும் பெண்டு பிள்ளைகளுமாகக் கிளம்பிக் கிழக்குக் கரைக்கு வந்து, கொக்கிளாய் தொடங்கித் தெற்கே வாடி போட்டுத் தங்கி, வாடைக் காற்றின் அறிகுறி கண்டதும் வாடியைப் பிரித்துக்கொண்டு திரும்பிப் போவது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிற வழக்கம். அவர்கள் வாடி போடும் நாளைக் காட்டிலும் நம்பத்தகுந்த நாட்காட்டி எனக்குத் தெரியாது.

ஐரோப்பிய வல்லரசுகள் திருகோணமலைத் துறைமுகத்துக்காக இரத்தம் சிந்தியதற்கும் இதே வாடைக் காற்றுத்தான் காரணம். சோழமண்டலக் கரையில் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ அக்காலத்தில் ஒதுங்கிடம் கிடையாது. ஒக்டோபரில் வாடை தொடங்கியதும் பாய்க்கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க இயலாமல் விலகியோட வேண்டியிருந்தது. எந்தப் புயலிலும் கப்பற்படையொன்று உள்ளே புகுந்து பத்திரமாக இருக்கத்தக்க ஆழமான இயற்கைத் துறைமுகம் அவர்களுக்கு அண்மையில் திருகோணமலை ஒன்றே. 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பறிக்க, அதே ஆண்டு ஓகஸ்டில், மாரிக்கு முன்பாகவே, பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதை அவர்களிடமிருந்து பறித்தார். துறைமுகத்துக்கு அருமை வாடைக் காலத்தில். கடற்கரைக்கு அருமை வாடை அடங்கிய பின். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் இவ்வளவு பேர் மழையில் நனைகிறார்கள்.

ஆகவே சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் எப்போதும் போகலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த ஆறு மாதங்களையும் ஒரே தராசில் நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. அவற்றுக்கும் முந்தி, பங்குனி பிறந்து பத்து நாள் கழிந்ததிலிருந்து புதுவருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு வரையுள்ள அந்தக் குறுகிய காலமே சிலாக்கியமானது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். வாடை ஓய்ந்துவிட்டிருக்கும், கச்சான் இன்னும் எழுந்திராது, இரண்டுக்கும் நடுவே கடல் மூச்சுவிடாமல் படுத்திருக்கும். புறாத்தீவைச் சூழ்ந்த பவளப்பாறைகளுக்கு மேலே நீந்துகிறவனுக்கு, கீழே கருமுனைச் செட்டையோடு சுற்றும் சிறு சுறாக்கள்கூட மங்காமல் தெரியும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரத்திலிருந்தே பாதாளம்போல இறங்கிச் செல்கிற கடற்பள்ளத்தைத் தேடி நீலத் திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் வருகிற பருவமும் இதுவே. கோணேசர் கோயில் வாயிலில் நின்றபடியே அவற்றின் மூச்சு நீர்த்தாரையாக எழும்புவதைக் கண்டவர்கள் உண்டு.

கரைவலையும் அந்நாட்களில் முழுவீச்சில் நடக்கும். விடிவதற்கு முன்னரே தோணி, கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குள் சென்று, அரைவட்டமாக வலையை இறக்கி, இன்னொரு தலைப்போடு வெகுதூரம் தள்ளிக் கரைசேரும். பின்பு இரு கயிறுகளையும் இரண்டு கூட்டத்தார் பற்றி, குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னே சாய்த்து, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு அடியடியாக இழுப்பார்கள். கடைசியில் நிற்கிறவன் கைக்கு வந்த கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு ஓடிப்போய் முன்னால் பிடித்துக்கொள்வான். இரு கூட்டமும் மெல்ல மெல்ல நெருங்கிவர, சம்மாட்டியார் இடுப்பளவு நீரில் இறங்கி நின்று மடி எங்கே வருகிறதென்று பார்த்துக் குரல் கொடுப்பார். இரண்டு மணி நேரத்துக்குமேல் இழுத்து மடியைக் கரையில் கொட்டினால் சிலநாள் சூடையும் கீரியும் பாரையும் துள்ளும். சிலநாள் சொறியும் பாசியுமே மிஞ்சும். வந்தவர்கள் கயிற்றைப் பிடித்து ஒரு கை கொடுத்தால் அவர்கள் மறுப்பதில்லை. ஆனால் படம் எடுப்பதற்காகக் கயிற்றின் குறுக்கே வந்து நிற்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் பொறுக்காது.

ஓகஸ்ட் மாதத்தை விரும்புகிறவர்களின் நியாயமும் புறக்கணிக்கத்தக்கதல்ல. பாடசாலைகளுக்கு விடுமுறை, வழியில் மின்னேரியாக் குளம் வற்றி ஓரத்தில் புல் தளிர்க்க, யானைகள் கூட்டங்கூட்டமாக வந்து மேயும். ஆயினும் அம்மாதத்துப் புறாத்தீவைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரு சிறு தீவில் அத்தனை ஜனம் ஒரே காலையில் இறங்கி, நீந்தத் தெரியாதவர்கள் இடுப்பளவு நீரில் பவளத்தின் மேலேயே காலூன்றி நிற்பதைக் கண்டால், 2003-ஆம் ஆண்டு அதைத் தேசியப் பூங்காவாக்கியது எதற்காக என்ற கேள்வி எழுகிறது. பவளத்தின் ஒரு கிளை முறிந்தால் அது மறுபடி வளர ஆண்டுகள் ஆகும். போகிறவர்கள் தயவுசெய்து மிதந்து பாருங்கள். நிற்க வேண்டுமானால் மணலில் வந்து நில்லுங்கள்.

கடலில் இறங்கும் எண்ணமின்றி ஊரையே காண விரும்புகிறவர்களுக்கு மட்டும் மாசியைச் சொல்வேன். அப்போது அலை முற்றாக அடங்கியிராது. ஆனால் குளங்கள் நிரம்பியிருக்கும், பெரும்போக வயல்கள் அறுவடைக்குச் சாய்ந்திருக்கும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் ஒன்றுக்கொன்று சூடு வேறுபட்ட நீரை மொண்டு குளிப்பதற்கு இளங்காற்று இதமாக இருக்கும். சம்பந்தர் பாடிய தலம் சிவராத்திரி இரவு முழுவதும் விழித்திருப்பதையும், அதையொட்டிக் கோணேசர் நகர்வலம் வரும்போது வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்துக் காத்திருப்பதையும் பார்த்தவன் திருகோணமலையை வெறும் கடற்கரை என்று எண்ணமாட்டான்.

பங்குனியில் போகிறவர்கள் ஒன்றிரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கொழும்புக் கோட்டையிலிருந்து கல்லோயாச் சந்தி வழியாக வரும் இரவு ரயிலில் வந்தால் விடிகாலையில் ஊர் சேரலாம். இடம் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. சித்திரைப் பிறப்பை ஒட்டி உச்சிவேளைச் சூரியன் இவ்வூரில் தலைக்கு நேர்மேலே நிற்பதால், பத்து மணிக்குள் கடலை விட்டு ஏறிவிட வேண்டும். வருஷப் பிறப்பன்றும் மறுநாளும் கடைகள் பூட்டியிருக்கும், படகோட்டிகளும் வீட்டில் இருப்பார்கள். அதற்கு முந்தியே திரும்புவது அவர்களுக்கும் சௌகரியம். எந்த நாளானாலும் படகில் ஏறுமுன் கரையில் நிற்கும் வயதான மனிதர் ஒருவரிடம், “ஐயா, இன்றைக்குக் கடல் எப்படி?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், கொடுத்த முன்பணத்தை நினைத்துக்கொண்டு ஏறாதீர்கள்.