கல்லறையில் ஒரு சிவப்பு விளக்கு

நவம்பர் பிறப்பதற்கு முன்னரே ஜேர்மனியின் கடைகளிற் சிவப்புக் கூட்டினுள் அடைத்த மெழுகுதிரிகள் வந்து குவிந்துவிடுகின்றன. முதலாந் திகதி கத்தோலிக்கரின் சகல புனிதர் திருநாள். மறுநாள் சகல ஆன்மாக்கள் தினம். குடும்பம் குடும்பமாகச் சேமக்காலைக்குச் சென்று, உதிர்ந்த இலைகளைக் கூட்டிப் பூச்செடி வைத்து விளக்கேற்றுவர். இருள் கவிந்தபின் அவ்வழியே நடக்கும்போதெல்லாம் நமக்கு ஊரின் கார்த்திகை விளக்கீடே நினைவுக்கு வரும்.

புரட்டஸ்தாந்தினரின் நாள் வேறு. திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையை இறந்தோருக்கென ஒதுக்குமாறு 1816இல் பிரஷிய மன்னர் மூன்றாம் பிரெட்ரிக் வில்லியம் கட்டளையிட்டார்.

இவற்றுக்கிடையே மதஞ்சாராத மக்கள் துக்க நாளும் வருகிறது. அதன் கதை சற்று விரித்துரைக்கத் தக்கது. முதலாம் உலகப்போரில் மாண்ட படையினருக்காக 1922இல் நாடாளுமன்றத்தில் அஞ்சலி நிகழ்ந்தது. அக்காலத்தில் அது வசந்தத்துக்குரிய நாள். 1934இல் நாசிகள் அதனை 'வீரர் நினைவு நாள்' ஆக்கினர். அரைக்கம்பத்திற் பறந்த கொடி முழுக்கம்பத்துக்கு ஏறிற்று. அழவந்த தாய்மாரைப் பெருமைப்படச் சொன்னார்கள். போர் முடிந்தபின், 1952இல், மேற்கு ஜேர்மனி அந்நாளை மீண்டுந் துக்க நாளாக்கி, நவம்பருக்கு மாற்றியது. இன்று அங்கே வாசிக்கப்படும் நினைவுரையில் படையினர் மட்டுமன்றி, இனத்தின் பெயராற் கொல்லப்பட்டோரும், அகதிகளாய் ஓடி மாண்டோரும் இடம்பெறுகின்றனர். 'அகதிகள்' என்ற சொல்லை அதில் முதன்முறை கேட்டபோது நாம் திடுக்குற்று நிமிர்ந்தோம்.

நமக்கோ புரட்டாசியில் மகாளயம் உண்டு. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையும் உண்டு. ஆயினும் நம் மூத்தோர் இப்போது இம்மண்ணிலேயே மறைகின்றனர். தகனஞ் செய்தாலும் சாம்பலை வீட்டில் வைத்திருக்கப் பெரும்பாலான மாநிலங்களிற் சட்டம் இடந்தராது. கல்லறை நிலமும் சொந்தமன்று. குறித்த ஆண்டுகளுக்கான குத்தகையே. புதுப்பிக்க ஆளில்லையெனிற் கல்லையும் அகற்றிவிடுவர். நம் பிள்ளைகளோடு இதைப் பேசிவைத்தோர் எத்தனை பேர்?

கல்லறையே இல்லாதோரும் நம்மிடையே உளர். சென்ற நவம்பரில் நாமறிந்த மூதாட்டியொருவரைச் சேமக்காலையிற் கண்டோம். அவருடைய மகன் 2009இல் வன்னியிற் காணாமற்போனவன். பாசிபடிந்த அந்நியர் கல்லறையொன்றின்முன் குனிந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அருகே சென்றோம்.

"என்ர பிள்ளை எங்கை கிடக்கிறானெண்டு தெரியாது, மாஸ்ரர். இந்த மனுசனுக்கும் ஒருத்தரும் வரேல்லை" என்றார்.