அலாரத்துக்கு எந்த வழியில் மின்சாரம்?

ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் புறப்படும் நாளில் வீராம்பட்டினத்தில் வீட்டுக்குள் இருப்பவர்கள் மிகச் சிலரே. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கம். இப்போது துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வருகிறார்கள். ஊரே வீதியில் நிற்க, வீடுகள் பூட்டிக் கிடக்கும். தேர் செல்லும் வழியில் மேலே மின்கம்பிகள் இருந்தால் அவற்றில் மின்சாரத்தை நிறுத்தியே ஆகவேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசியதால் 11 பேர் இறந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆகவே வீடு காலியாக இருக்கும் நேரமும் மின்சாரம் இல்லாத நேரமும் ஒன்றாகவே வந்து சேரலாம். திருடர் வருகையை அறிவிக்கும் அலாரத்துக்கு இதைவிடக் கடினமான சோதனை ஏது?

கடையில் வாங்கும் அலாரங்கள் பல, ஒரு பிளக்கோடு வருகின்றன. அருகில் உள்ள சாக்கெட்டில் செருகினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அது தவறு என்பதே என் கருத்து. பிளக் என்பது பிடுங்குவதற்காகவே செய்யப்பட்ட பொருள். யாரோ ஒருவர் செல்பேசிக்கு மின்னேற்ற அதைப் பிடுங்குவார்; திரும்பச் செருக மறந்துவிடுவார். கடலோர ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்று பிளக்கின் உலோகக் கால்களில் பச்சை பூக்கச் செய்யும். தொடர்பு தளரும், தளர்ந்த இடம் சூடேறும். இரவும் பகலும் ஓடவேண்டிய கருவிக்கு இது பொருந்தாது.

சிலர் நேர் எதிரான யோசனை சொல்வார்கள். நம் ஊர்களில் மீட்டரும் மெயின் சுவிட்சும் பெரும்பாலும் திண்ணைப் பக்கமே இருக்கின்றன. திருடன் முதலில் மெயினை நிறுத்திவிடுவானே, அலாரத்தின் கம்பியை மெயினுக்கு முன்பாகவே எடுத்துவிட்டால் என்ன என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் அந்தக் கம்பிக்கு வீட்டின் ஃபியூஸும் காவல் இல்லை. கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் காவல் இல்லை. வீட்டில் தீப்பிடித்தால், மெயினை நிறுத்திய பிறகும் ஒரு கம்பியில் 230 வோல்ட் இருந்துகொண்டிருக்கும். மின்துறையின் சீல் உள்ள பகுதியில் கை வைப்பது குற்றமுங்கூட. திருடனுக்குப் பயந்து வீட்டாரை ஆபத்தில் தள்ளும் யோசனை இது.

திருடன் மெயினை நிறுத்தினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றது 1853-இல். எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க் வீடுகளுக்கு மின்சாரம் தரத் தொடங்கியதோ 1882-இல். அதாவது, தெருவில் மின்கம்பி வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே அலாரம் பிறந்துவிட்டது. அது ஓடியது மின்கலத்தால். இன்றும் நல்ல அலாரத்தின் பெட்டிக்குள் 12 வோல்ட் மின்கலம் உண்டு. மணிக்குச் சோறு போடுவது மின்கலம். மின்கலத்துக்குச் சோறு போடுவதுதான் தெருக்கம்பி. இப்படி எண்ணிப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, வீட்டின் எந்த வழியிலிருந்து இணைப்பு எடுப்பது? அலாரத்துக்கெனத் தனி எம்.சி.பி. வைத்துத் தனி வழி இழுப்பதே சிறந்தது என்று பலர் சொல்வார்கள். மற்றக் கருவிகளின் பழுது அதைத் தொடாது என்பது உண்மையே. பல நாள் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்கு அது சரி. ஆனால் அந்த எம்.சி.பி. ஒருநாள் விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? விளக்கு அணையாது, விசிறி நிற்காது. மின்கலம் மெல்லத் தீர்ந்துபோகும். தேவைப்படும் இரவில் மணி ஊமையாக இருக்கும். சிறிய வீட்டுக்கு நான் கூடத்து விளக்கு வழியையே சொல்வேன். விளக்கின் சுவிட்சுக்கு முன்பாகவே ஃபேஸ் கம்பியை எடுத்து, பிளக் இல்லாமல் நிலையாக இணைக்கவேண்டும். அந்த வழியில் ஃபியூஸ் போனால் அன்று மாலையே கூடம் இருண்டு கிடக்கும்; உடனே சரிசெய்வோம். தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி ஓடும் வழி மட்டும் வேண்டாம்.

இனி ஒரு சிறு கணக்கு. அலாரம் எடுக்கும் திறன் 20 வாட் என்று கொள்வோம். 20-ஐ 230-ஆல் வகுத்தால் 0.09 ஆம்பியருக்கும் குறைவு. விளக்கு வழியின் எம்.சி.பி. 6 ஆம்பியர் என்றால், அலாரத்தின் சிறிய மின்மாற்றி கருகிப் புகையும்வரைகூட அது அசையாமல் இருக்கலாம். இங்கிலாந்தின் பிளக்குகளுக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு. நம் பிளக்குகளில் அது இல்லை. எனவே அலாரத்துக்கு முன்னால் 1 ஆம்பியர் ஃபியூஸ், அல்லது தயாரிப்பாளர் சொன்ன அளவுள்ளது, தனியே இருக்கவேண்டும். பெட்டி உலோகத்தாலானால் எர்த் கம்பி கட்டாயம். கடலோரத்தில் எர்த்துக்குப் புதைத்த இரும்புக் குழாய் துருப்பிடித்துத் தொடர்பு அறுந்துபோவதுண்டு. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களில் சிலர் நீங்களே அலாரம் செய்ய ஆசைப்படுவீர்கள். செய்யுங்கள்! கதவில் காந்தமும் ரீட் சுவிட்சும் வைத்து 12 வோல்ட் பகுதியைத் தாராளமாகச் செய்யலாம். மின்மாற்றியே இல்லாமல், ஒரு மின்தேக்கியைக் கொண்டு 230 வோல்ட்டை நேரடியாகக் குறைக்கும் சுற்றுப்படங்களும் உலவுகின்றன. அவற்றைத் தொடவே கூடாது. மின்மாற்றியில் இரு கம்பிச்சுருள்களும் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்திருப்பதால் தெருமின்சாரம் உங்கள் கைக்கு வருவதில்லை. மின்தேக்கிச் சுற்றில் அந்தப் பிரிவு இல்லை. கதவுக் கைப்பிடிவரை அதிர்ச்சி காத்திருக்கும். 230 வோல்ட் பகுதியை உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்யவேண்டும். அவர் வேலை செய்யும்போது அருகில் நின்று கேள்வி கேளுங்கள்.

மின்கலத்தின் கணக்கையும் பார்ப்போம். 7 ஆம்பியர்-மணி மின்கலம், அலாரம் சும்மா இருக்கையில் எடுப்பது 0.1 ஆம்பியர் என்றால், 70 மணி நேரம். மூன்று நாள்கூட இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரியைத் தாக்கியபோது மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. 0.05 ஆம்பியரே எடுக்கும் அலாரமாகத் தேடினால் அதே மின்கலம் 140 மணி நேரம் தாங்கும். ஆகவே கடையில் மணியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வராமல், சும்மா இருக்கையில் எவ்வளவு எடுக்கும் என்றும் கேளுங்கள். இவையெல்லாம் புது மின்கலத்துக்கான கணக்கு. நம் ஊர் வெப்பத்தில் மூன்று நான்கு ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். மாற்றிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை, அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு, வீட்டுப் பெரியவரைக் கொண்டு மெயினை நிறுத்தி, கதவைத் திறந்து பாருங்கள். மணி முழுக்குரலில் ஒலிக்காமல் முனகினால் புது மின்கலம் வாங்கும் வேளை வந்துவிட்டது.