ஆட்டு ரத்தத்தில் இருந்து லேப்பில் வளரும் ‘காவல்கார’ செல்கள்... எதுக்கு இந்த ஆராய்ச்சி?

ஆட்டின் கழுத்து ரத்தக்குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும். சுமார் ஒரு வாரத்தில் லேப் தட்டிலேயே அதன் நோய் எதிர்ப்பு செல்களை வளர்த்துவிடலாம். சரி, இதனால் என்ன லாபம்? அது புரியணும்னா ஐஸ்லாந்து வரை போய் வரணும்.

20 ஆடுகளோடு வந்த வினை

1933-ல் ஜெர்மனியில் இருந்து 20 காரகுல் ஆடுகளை ஐஸ்லாந்து இறக்குமதி செய்தது. பார்க்க நல்லாத்தான் இருந்தன. ஆனால் சில ஆண்டுகளில் உள்ளூர் ஆடுகள் மூச்சு வாங்கிச் சாக ஆரம்பித்தன. இதற்கு ‘மேடி’ என்று பெயர். அந்நாட்டு மொழியில் மூச்சுத்திணறல் என்று அர்த்தம். சில ஆடுகளுக்கு மூளையும் நரம்பும் பாதித்து, கால்கள் செயலிழந்தன. அது ‘விஸ்னா’. இரண்டுக்கும் காரணம் ஒரே வைரஸ், எச்.ஐ.வி.க்கு உறவுக்கார வைரஸ்! கடைசியில் லட்சக்கணக்கான ஆடுகளை வெட்டித்தான் நோயை ஒழித்தார்கள். கடைசி மேடி பாதிப்பு பதிவானது 1965-ல்.

வைரஸ் எங்கே ஒளிந்தது?

ரத்தத்தில் சுற்றும் மோனோசைட் என்ற வெள்ளை அணுவுக்குள் இது கிட்டத்தட்ட சத்தமே இல்லாமல் இருக்கும். அந்த அணு நுரையீரலுக்கோ மடிக்கோ போய், கிருமிகளை விழுங்கும் ‘மேக்ரோஃபேஜ்’ செல்லாக முதிரும்போதுதான் வைரஸ் பெருக ஆரம்பிக்கும். போலீஸ் ஜீப்பிலேயே திருடன் ஏறி வந்த கதைதான்!

லேப்பில் எப்படி வளர்க்கிறார்கள்?

* உறையாத மாதிரி எடுத்த ரத்தத்தை மிஷினில் வேகமாகச் சுழற்றுவார்கள். வெள்ளை அணுக்கள் தனி அடுக்காகப் பிரியும்.
* அதைப் பிளாஸ்டிக் தட்டில் ஊற்றினால் மோனோசைட்டுகள் அடியில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி எடுத்துவிடலாம்.
* ஊட்டச்சத்துத் திரவமும் வளர்ச்சிப் புரதமும் சேர்த்து, 37 டிகிரி சூட்டில் வைத்தால் அவை மேக்ரோஃபேஜ்களாக முதிரும்.

என்ன பயன்?

வைரஸ் விழித்துக்கொள்ளும் அந்தக் கட்டத்தை ஆட்டைக் கொல்லாமலே பார்க்கலாம். மருந்து, தடுப்பூசி யோசனைகளையும் முதலில் இந்தத் தட்டில் சோதிக்கலாம்.

ஆனால் ஒரு தட்டு முழு ஆடு ஆகிவிடாது. இந்த செல்கள் பெரும்பாலும் தானாகப் பெருகுவதும் இல்லை. அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் புது ரத்தம் வேணும்.

மேடி-விஸ்னாவுக்கு நடைமுறையில் இன்னும் தடுப்பூசி கிடையாது. பரிசோதித்து, நோய் இருக்கிற ஆட்டை மந்தையில் இருந்து நீக்குவதுதான் வழி. அந்த நிலை மாறணும்னா, முதல் தடயம் இந்தத் தட்டில்தான் கிடைக்கணும்.